குப்பை போய்ச் சேரும் ஊர்

அவரை நான் ஒருநாளும் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் 'ஏ, இந்தா' என்பேன், அவர் என்னைச் 'சாமி' என்பார். அன்றைக்கு அதில் எனக்கு எந்த உறுத்தலும் இருக்கவில்லை. இப்போது எழுத உட்கார்ந்து, 'அவள்' என்று இரண்டு வரி எழுதி, அடித்துவிட்டு, 'அவர்' என்று மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். பெயரை எழுதப்போவதில்லை. கடைசியாக அந்தப் பெயரை நான் எழுதியது அவரை வேலையை விட்டு அனுப்பிய காகிதத்தில். இன்னொரு தடவை எழுத எனக்கு முகம் இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் நகராட்சியில் நான் சுகாதார மேற்பார்வையாளனாக இருந்தேன். இருபத்தாறு வயது. என் பொறுப்பில் இருந்தது குப்பை டிப்போ. தெருத்தெருவாகக் கூட்டி அள்ளுகிற குப்பை எல்லாம் தள்ளுவண்டிகளில் அங்கேதான் வந்து சேரும். இடுப்பளவு சுற்றுச்சுவர், நடுவில் கல் பாவிய தளம், ஒரு ஓரத்தில் தகரக் கொட்டகையும் கிணறும். தள்ளுவண்டிகள் தளத்தில் கொட்டிவிட்டுப் போகும். அதைக் கூடை கூடையாக அள்ளி மாட்டுவண்டிகளில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருந்த உரக்கிடங்குக்கு அனுப்புவோம். அங்கே குழிகளில் ஓர் அடுக்கு குப்பை, ஓர் அடுக்கு மலம் என்று போட்டு மண்ணால் மூடி வைத்தால் ஆறேழு மாதத்தில் உரமாகிவிடும். சுற்றுப்பட்டு விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போவார்கள்.

ஏற்றும் வேலையில் நான்கு பெண்கள் இருந்தார்கள். மூன்று பேர் அள்ளுவார்கள். அவர் பிரிப்பார்.

நான் வேலைக்குப் போன முதல் நாள், அவர் குந்தி உட்கார்ந்து, வலது கையில் கோணித்துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சில்லு, பிளேடு, ஆணி, தகரம் எல்லாம் ஒரு கூடையில். எலும்பும் கந்தலும் தனியாக. இலை, காய்கறித் தோல், சாணி, அடுப்புச் சாம்பல் மட்டும் வண்டிக்குப் போகிற கும்பலில். கண்ணைவிடக் காதுதான் அவருக்கு வேலை செய்தது. குச்சியால் தட்டுவார், சத்தம் வேறுமாதிரி வந்தால் கையை உள்ளே விடுவார், விரலிடுக்கில் ஒரு சில்லு வரும்.

"உன்னை யாரு பிரிக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல சாமி."

"பெறகு எதுக்கு இந்த வேலை?"

"வயல்ல வெறுங்கால்ல தான சாமி எறங்குவாக."

அவ்வளவுதான் பதில். கை நிற்கவில்லை.

உரக்கிடங்குக்குப் போய்த் திரும்பும் வண்டிக்காரர்களிடம் அவர் தினமும் ஒரு கேள்வி கேட்பார். "நேத்து எந்த ஊர்க்காரக வந்து ஏத்துனாக?" நத்தத்துக்காரர் மாந்தோப்புக்கு வாங்கினார், சித்தையன்கோட்டைப் பக்கத்து ஆள் கத்தரிக்கு வாங்கினார் என்று அவர்கள் சொல்வார்கள். அதை மனதில் வாங்கிக்கொள்வார். அந்த ஊர்கள் எதையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் பேசும்போது கட்டிக்கொடுத்த பெண்ணின் ஊரைப் பேசுவதுபோல இருக்கும். "மாந்தோப்புன்னா பரவால்ல, மேலோட இருக்கும். கத்தரிக்கு உக்காந்து கைய விட்டுக் கெளறுவாக. சில்லு இருக்கக் கூடாது" என்பார். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். "ஒனக்கென்ன அங்க சொந்தமா பந்தமா?" என்பார்கள். அவரும் கூடச் சிரிப்பாரே தவிர, பிரிப்பதை விடமாட்டார்.

அந்தக் குணத்தால் எனக்கு வந்த முதல் தொந்தரவு கம்பவுண்டரிடமிருந்து. மருந்துக்கடை வைத்திருந்த அவர் ஒருநாள் கொதித்துப்போய் வந்தார். உடைந்த மருந்துப் புட்டிகளை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து அவர் கடைப் படியில் இறக்கிவைத்துவிட்டு இந்த அம்மாள் போய்விட்டாராம்.

"படியில கொண்டாந்து வச்சிட்டுப் போகுது சார். வாடிக்கைக்காரங்க நிக்கிறாங்க. எனக்கு மானம் போகுது."

நான் அந்த அம்மாளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில் மெதுவாக, "அவுக கண்ணாடிய அவுககிட்டயே குடுத்தேன் சாமி. வேற யாருகிட்டக் குடுக்க?" என்றார்.

கம்பவுண்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கடையில் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின் வைத்து உடைந்த புட்டிகளைத் தனியாகப் போட ஆரம்பித்தார். நல்ல காரியம்தான். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. நான் அதிகாரி. என்னைக் கேட்காமல் ஒரு கூலிப் பெண் போய் ஒரு பெரிய மனிதரைத் திருத்திவிட்டு வந்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பட்டது.

பிறகு லாரி வந்தது. பட்டாளத்தில் ஓடிக் கழித்த பழைய லாரி. மாட்டுவண்டிகளை நிறுத்திவிட்டோம். டிப்போவைச் சுற்றி இருந்த தெருக்காரர்கள் நாற்றம், ஈ என்று வெகுநாளாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லாரி வந்த பிறகு காலை எட்டு மணிக்குள் தளத்தைக் காலி செய்து, கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவிவிடுவது என்று நான் வைத்துக்கொண்டேன். கமிஷனரின் ஜீப் எட்டேகாலுக்கு அந்த வழியாகப் போகும். முதல் வாரத்திலேயே ஜீப்பை நிறுத்தி, கழுவிய தளத்தைப் பார்த்து, "இதுதான் வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருக்காரர்கள் சேர்ந்து வந்து எனக்கு ஒரு கதம்ப மாலை போட்டார்கள். அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டி, காய்ந்து சருகாகும்வரை எடுக்க மனமில்லாமல் வைத்திருந்தேன்.

எட்டு மணிக்குள் முடிக்க வேண்டுமானால் பிரிக்க நேரம் கிடையாது. "இனிமே பிரிக்கிற வேலை வேண்டாம். நீயும் சேந்து அள்ளு" என்று அவரிடம் சொன்னேன்.

"அள்ளுறேன் சாமி. அள்ளிக்கிட்டே பாத்துக்கிறேன்."

அப்படியே செய்தார். கூடையைத் தூக்குமுன் ஒரு கையால் துழாவுவார். லாரி நிரம்பிய பிறகு அதன் மேல் ஏறி நின்று பொறுக்குவார். டிரைவர் ஹாரன் அடிப்பார், அவர் இறங்கமாட்டார். ஒருநாள் நான் கோபத்தில், "தளம் எப்படி பளிச்சுன்னு இருக்கு பாரு. ஊரே மெச்சுது. ஒனக்கு மட்டும் என்ன?" என்றேன்.

அவர் தளத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் சாமி இருக்கு. ஆனா இங்கருந்து போனது எங்கயோ போய்க் கெடக்கும்ல?"

எனக்கு அது திமிர்ப் பேச்சாகத் தோன்றியது.

அந்த வருடக் கோடையில், தோல் பதனிடுகிற 'தோல் ஷாப்பு' ஒன்றின் கழிவு எங்கள் டிப்போவுக்கு வர ஆரம்பித்தது. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவித்தான் வரும். ஷாப்பில் அந்த உப்பை உதறிவிட்டு, தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு ரோமத்தைச் சுரண்டுவார்கள். உதறிய உப்பையும் சுண்ணாம்புக் கசடையும் கொட்டிவந்த பள்ளம் நிரம்பிவிட்டது என்று சொல்லி, டிப்போவில் கொட்ட ஷாப்பிலிருந்து அனுமதி கேட்டார்கள். மேலே உத்தரவு வாங்கி நான் சம்மதித்தேன். முதல் வண்டியோடு வந்த ஷாப்பு மேனேஜர் பாய் கண்ணியமான மனிதர். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"சார், இது உப்புச் சரக்கு. வயக்காட்டுக்கு ஆகாது. தயவுசெஞ்சு தனியா ஒரு குழி வெட்டிப் போடச் சொல்லுங்க."

சரி என்றேன். தனிக்குழி என்றால் ஆபீசுக்கு எழுத வேண்டும், லாரி இன்னொரு நடை போக வேண்டும், எட்டு மணி தாண்டிவிடும். அடுத்த வாரம் எழுதலாம் என்று விட்டுவிட்டேன். அதுவரைக்கும் குப்பையோடு சேர்த்து ஏற்றச் சொன்னேன்.

மூன்று பெண்கள் அள்ளத் தொடங்கினார்கள். அவர் மட்டும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"சாமி, இது உப்பு."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏத்தச் சொல்றீக?"

"இம்புட்டுக் குப்பையில கலந்தா என்ன தெரியப்போகுது? மழை பேஞ்சா கரைஞ்சிரும்."

"உப்பு கரையும் சாமி. மண்ண விட்டுப் போகாது."

கூடையைக் கீழே வைத்துவிட்டார். "இத நான் ஏத்தல."

அத்தனை பேர் முன்னால் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு முகம் சுட்டது. அவர் வீட்டில் புருஷன் காலும் கையும் விளங்காமல் படுக்கையில் கிடந்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். "சரி, வீட்டுக்குப் போ. ஆப்சென்ட் போடுறேன். மூணு நாள் ஆச்சுன்னா வேற ஆளு போட்டுக்கிறேன்."

அவர் குனிந்து கூடையை எடுத்தார். அன்றைக்கு அவர் எதையும் பிரிக்கவில்லை. கண்ணாடியைக்கூட. கோடை முடியும்வரை தோல் ஷாப்பு வண்டி வந்துகொண்டிருந்தது, அவரும் ஏற்றிக்கொண்டிருந்தார். தனிக்குழிக்கு நான் எழுதவே இல்லை. மழை வந்தது, ஷாப்பில் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள், நான் மறந்துபோனேன்.

மறு வருடம் பங்குனி வெயிலில் ஒரு விவசாயி டிப்போவுக்கு என்னைத் தேடி வந்தார். சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஐம்பது வயது இருக்கும். தோள் துண்டில் முடிந்து கொண்டுவந்த மண்ணை என் மேஜைமேல் அவிழ்த்து வைத்தார். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது.

"அய்யா, நான் சண்டைக்கு வரல. இந்த மண்ணப் பாருங்க. ஒங்க உரத்தப் போட்டுக் கத்தரி நாத்து நட்டேன். எட்டாம் நாளே கருகிப் போச்சு. திருப்பி நட்டேன், அதுவும் போச்சு. தண்ணி பாச்சி வெயில் பட்டுச்சுன்னா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுக்குது. கெணத்தடி வயலு. கெணத்துத் தண்ணியும் இப்பக் கரிக்க ஆரம்பிச்சிருச்சு. மாடு மூஞ்சியத் திருப்பிக்கிருது."

நான் மண்ணைத் தொடாமல் குனிந்து பார்த்தேன்.

"வாயில வச்சுப் பாருங்கய்யா."

நான் வைக்கவில்லை. கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் உள்ளே வந்தார். அதுவரை ஒருநாளும் என் மேஜைப் பக்கம் வந்தவரில்லை. அந்த மண்ணில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டார். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"இது கத்தரிக்காரக வயலா சாமி?" என்று மட்டும் கேட்டார்.

விவசாயி கமிஷனரிடமும் போனார். விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. ஒரு முழு இரவும் உட்கார்ந்து எழுதினேன். 'தோல் கழிவைத் தனியே பிரித்து வைக்குமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தும், பிரிக்கும் பணியிலிருந்த பெண் பணியாளர் கவனக்குறைவாகக் குப்பையுடன் கலந்து ஏற்றிவிட்டார்' என்று எழுதி, பெயரையும் எழுதினேன். எந்த வேலையைச் செய்யக் கூடாது என்று தடுத்தேனோ, அந்த வேலையைச் செய்யவில்லை என்று குற்றம் எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்திருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது.

ஆபீசில் விசாரணை. கமிஷனர் நாற்காலியில், நான் பக்கத்தில், அவர் வாசற்படிக்கு அந்தப் பக்கம்.

"நீதான் அதை ஏத்துனியா?"

"ஆமா சாமி. என் கையாலதான் ஏத்துனேன்."

"யாராவது ஏத்தச் சொன்னாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வையாக இருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். நான் இப்போது பேசுவேன் என்று நினைத்துக் காத்திருந்த பார்வை அது. நான் மேஜைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கமிஷனர் பேனாவைத் தட்டினார்.

"யாரு சொன்னா என்ன சாமி," என்றார் அவர். "உப்புன்னு தெரிஞ்சுதான போட்டேன்."

அதை ஒப்புதலாக எழுதிக்கொண்டார்கள். அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு மணிக்குத் தளம் கழுவி முடிந்தது, ஜீப் போனது. கண்ணாடியும் பிளேடும் இலையோடு சேர்ந்து லாரியில் போயின. கம்பவுண்டர் மட்டும் ஒரு தடவை டின்னோடு வந்து, "இதை யாருகிட்டக் குடுக்கிறது?" என்று கேட்டார். வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். பிறகு அவரும் டின் வைப்பதை விட்டுவிட்டார்.

ஒரு வருடம் போயிருக்கும். அந்த வயலின் நிலைமையைப் பார்த்து எழுதச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். பஸ்ஸைவிட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. வெளுத்த வயலில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, தகரத்தால் மேல்மண்ணைச் சுரண்டிக் கூடையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

விவசாயி கிணற்றுமேட்டில் நின்றிருந்தார். நான் கேட்காமலேயே சொன்னார்.

"அதுவா வந்துச்சுய்யா. மார்க்கெட்டுக்குக் காயி ஏத்திட்டு வெறுவண்டி திரும்புதுல்ல, அதுல ஏறி வந்து எறங்குச்சு. நாந்தான் ஒங்க வயலக் கெடுத்தேன், சுரண்டிக் குடுத்துட்டுப் போறேன்னுச்சு. நான் மொதல்ல வெரட்டி விட்டேன். மறுநாளும் வந்துச்சு. வாரத்துல ரெண்டு நாளு வருது. கூலி குடுத்தா வாங்க மாட்டேங்குது. கஞ்சி குடிக்கும், அம்புட்டுத்தான். மேல பூக்கிற உப்பச் சுரண்டி எடுத்து, தண்ணி கட்டி வடிச்சு, பசுந்தாளுக்குக் கொழிஞ்சி வெதச்சு மடக்கி உழுதிருக்கோம். ஒரு ஓரத்துல புல்லு தலையக் காட்டுது."

வந்த வழியே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்போரம் வந்து, பழக்கமான தூரத்தில் நின்றார். மெலிந்திருந்தார். உப்பு அறுத்து விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"வாங்க சாமி. சௌக்கியமா?"

"ம்."

மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. விவசாயி பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் அவர் கேட்டார்.

"சாமி, இப்ப டிப்போவுல யாரு பிரிக்கிறாக?"

யாரும் பிரிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கு வேறு சொன்னது.

"ஆள் போட்டிருக்கு."

"பொம்பளையாளா?"

"ஆமா."

"அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா சாமி?"

"தெரியும்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. நான் பார்த்த நாளிலிருந்து அப்படி ஒரு நிம்மதியை அந்த முகத்தில் பார்த்ததில்லை. "அது போதும் சாமி. அத நெனச்சுத்தான் தூக்கம் புடிக்கல" என்று சொல்லிவிட்டு, மறுபடி போய்க் குந்தி உட்கார்ந்தார்.

ஊர் திரும்பியதும் பிரிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று ஆபீசுக்கு எழுதினேன். அவசியமில்லை என்று பதில் வந்தது. நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். ஏன் அவசியம் என்று சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். போகவில்லை.

அடுத்த தை மாதம் ஒரு காலையில், காய்கறி வண்டிக்காரர் ஒருவர் டிப்போ வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு சிறிய துணி மூட்டையுடன் உள்ளே வந்தார்.

"அந்தக் கெணத்தடி வயல்ல மொதமொதல்ல வெளஞ்ச கேப்பை சார். அந்தம்மா பங்குன்னு வயக்காரர் குடுத்தாரு. அது வாங்கி, டிப்போவுல பிரிக்கிற பொம்பளைக்குக் குடுக்கணும்னு என்கிட்டக் குடுத்து விட்டுச்சு. எங்க சார் அவுக?"

சுற்றிலும் பார்த்தார். மூன்று பெண்கள் குப்பையை அப்படியே அள்ளி லாரியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு லீவு. குடு, நான் குடுத்திர்றேன்" என்றேன்.

மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். யார் கொடுத்தது என்று என் மனைவி கேட்டதற்கு, தெரிந்தவர் என்றேன். அன்று களி கிண்டினாள். நான் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.